ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி சுவிட்ச்: எந்த வழியில் போடலாம், எந்த வண்டியில் கை வைக்கவே கூடாது

மலை ஏறும்போது வண்டி ஹீட் ஆகிறது, ஃபேன் லேட்டாகத்தான் ஓட ஆரம்பிக்கிறது, அதனால் டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து நாமே ஃபேனைப் போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வி பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். போடலாம். ஆனால் அந்த சுவிட்சால் ஃபேனை ஓட வைக்க மட்டும்தான் முடிய வேண்டும், நிறுத்த முடியவே கூடாது. கம்பெனி கொடுத்த ஆட்டோமேட்டிக் ஏற்பாடு அப்படியே இருக்க, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வழியாக நம் சுவிட்ச் உட்கார வேண்டும். சுவிட்ச் பழுதானாலும், நாம் மறந்தாலும், நாம் இழுத்த ஒயர் அறுந்தாலும் பழைய ஆட்டோமேட்டிக் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். இதற்கு நாலைந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் நான் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

இது எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டிகளுக்கான பேச்சு. அம்பாசடர் மாதிரி இன்ஜின் பெல்ட்டிலேயே ஃபேன் சுற்றும் வண்டிகளில் இன்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும், அங்கே சுவிட்சுக்கு வேலை இல்லை.

முதலில் உங்கள் பிரச்சினை ஃபேன் பிரச்சினைதானா என்று பாருங்கள். சிக்னலில், டிராஃபிக்கில், நிறுத்தி வைத்து ஏ.சி. போட்டிருக்கும்போது மட்டும் வெப்ப மீட்டரின் முள் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிட்டால், அது ஃபேன் பக்கத்து விவகாரம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஹீட் ஆனால் அதற்கும் ஃபேனுக்கும் அநேகமாக சம்பந்தமே இல்லை. அந்த வேகத்தில் முன்பக்கத்திலிருந்து வரும் காற்றே போதும், ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இராது. அங்கே பார்க்க வேண்டியது உள்ளே உப்பும் துருவும் அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் (சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), இன்னும் மோசமாக இருந்தால் இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட். மலைப்பாதை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக, இன்ஜின் முழு பலத்தோடு உழைக்க, வண்டி மட்டும் 15, 20 வேகத்தில் நகரும் சாலைகள் இவை. இன்ஜினிலிருந்து வெப்பம் அதிகபட்சமாக வருகிறது, முன்னாலிருந்து காற்று வரவில்லை. ஃபேன் மேல் முழுப் பாரமும் விழுவது இங்கேதான், தனி சுவிட்ச் நிஜமாகவே உதவும் இடமும் இதுதான்.

உயரம் ஏற ஏற இன்னொன்றும் நடக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நம் வண்டித் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. 0.9 பார் மூடி போட்ட வண்டியில் வெறும் தண்ணீர் சமவெளியில் சுமார் 119 டிகிரி வரை தாங்கும், ஊட்டி உயரத்தில் அது 115 பக்கம் இறங்கிவிடும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் இந்தக் கணக்கு எதுவுமே கிடையாது. அதனால் சுவிட்ச் வாங்கப் போகும் முன் ஒரு புது மூடியும், பாதிக்குப் பாதி கலந்த கூலன்டும் போட்டுவிட்டுப் பாருங்கள். வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டிகளில் பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கும்.

ஃபேனைச் சோதிப்பதும் சுலபம்தான். தண்ணீர் சூடானதும் தானாக ஃபேனை ஓட வைக்கும் தெர்மோ சுவிட்ச் உள்ள பழைய வண்டியில், இக்னிஷனை ஆன் செய்து, அந்த சுவிட்சின் கப்ளரை, அதாவது ஒயர் செருகியைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஒற்றை ஒயர் சுவிட்சாக இருந்தால் அந்த ஒயரை இன்ஜின் பாடியில் தொட வையுங்கள். ஃபேன் ஓடினால் மோட்டார், ஃபியூஸ், ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் சுவிட்ச்) எல்லாம் நன்றாக இருக்கின்றன, தெர்மோ சுவிட்ச்தான் போய்விட்டது. அதை மாற்றினால் போதும், உங்களுக்கு வேறு எந்த சுவிட்சும் தேவைப்படாமல்கூடப் போகலாம். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, எர்த், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும், அப்போதும் டாஷ்போர்டு சுவிட்ச் ஒன்றும் தீர்க்காது. ஃபேன் ஓடும்போது காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கவனியுங்கள். மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும் வண்டிகள் நிறைய உண்டு. ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் முன் கிரில்லில் ஒரு தாளை வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பறந்து விழுந்தால் திசை தப்பு. அதேபோல ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்து தூக்கிப் போடப்பட்டிருந்தால், ரேடியேட்டர் முழுவதும் இழுபட வேண்டிய காற்று ஃபேனுக்கு நேர் எதிரே உள்ள வட்டத்தில் மட்டும்தான் இழுபடும். ஏ.சி. கண்டன்சரில் பூச்சியும் சேறும் அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

டைரக்ட் கனெக்‌ஷன்

ஃபேன் ஓடவில்லை என்று போனால் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் முதலில் கிடைக்கும் பதில், ‘டைரக்ட் பண்ணிடலாம் சார்’ என்பதுதான். தெர்மோ சுவிட்சைத் தாண்டி ஃபேனை நேராக இக்னிஷனோடு இணைத்துவிடுவார்கள், சாவி போட்டதும் ஃபேன் ஓடும், வண்டியை நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் நின்றுபோன வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்க இது நல்ல ஏற்பாடு, அதை நான் மறுக்கவில்லை. நிரந்தரமாக வைப்பதற்குத்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. எப்போதாவது ஓட வேண்டிய மோட்டார் எப்போதும் ஓடுவதால் கார்பன் பிரஷும் புஷ்ஷும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதைவிட மோசம், ஃபேன் சத்தம் காதுக்குப் பழகிப்போவது. எப்போதும் கேட்கும் சத்தம் ஒருநாள் நின்றால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை, முள் சிவப்புக்குப் போன பிறகுதான் தெரியும்.

டைரக்ட் செய்தால் இன்ஜின் சில்லிட்டுப்போகும் என்று சொல்வார்கள். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் அவ்வளவு எளிதில் சில்லிடாது, ஏனென்றால் தண்ணீர் 82 அல்லது 88 டிகிரிக்கு வரும்வரை தெர்மோஸ்டாட் அதை ரேடியேட்டர் பக்கமே விடாது. ஆனால் ஃபேனை டைரக்ட் செய்யும் அதே கை ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு’ என்று தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் போட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து. டிசம்பர் இரவில் நெடுஞ்சாலையில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டி இன்னும் குளிராகவே இருக்கிறோம் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், மைலேஜ் விழும். யாராவது உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட்டை எடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்பப் போடுங்கள், ஃபேன் சுவிட்சைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மோட்டார் கரன்ட் முழுவதையும் சுவிட்ச் வழியாக விடுவது

அடுத்து, பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் டாஷ்போர்டு சுவிட்சுக்கு, அங்கிருந்து ஃபேனுக்கு இன்னொரு ஒயர். பார்க்க எளிமையாக இருக்கிறது என்பதால் பலர் இதைத்தான் செய்கிறார்கள், நான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வது இதைத்தான். சின்ன கார் ஃபேன் ஒன்று சுமார் 120 வாட் என்று வைத்தால் 10 ஆம்பியர் இழுக்கும், ஓட ஆரம்பிக்கும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. கடையில் கிடைக்கும் சிறிய டாகிள் சுவிட்சில் 6 ஆம்பியர், 125 வோல்ட் என்று போட்டிருக்கும், ஆனால் அது வீட்டுக் கரன்ட்டுக்கான கணக்கு. வீட்டுக் கரன்ட் ஒரு நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் சுவிட்ச் திறக்கும்போது வரும் பொறி தானாக அணைந்துவிடும். பேட்டரி கரன்ட்டுக்கு அப்படி ஒரு இடைவெளி இல்லை, பொறி நின்று எரிந்து காண்டாக்டைத் தின்றுவிடும். முதலில் சுவிட்ச் சூடாகும், பிறகு பிளாஸ்டிக் உருகும், அதுவும் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில்.

ஒயரிலும் நஷ்டம் இருக்கிறது. இன்ஜின் பக்கத்திலிருந்து டாஷ்போர்டுக்குப் போய்த் திரும்ப 5 மீட்டர் என்று கொள்வோம். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் போனால் சுமார் 1.2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், ஃபேன் அந்த அளவுக்கு மெதுவாகச் சுற்றும். 2.5 ஒயர் போட்டால் நஷ்டம் 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும், ஆனால் அப்போது உள்ளே ஓடுவது ஒரு தடித்த பாசிட்டிவ் ஒயர், அது ஃபயர்வால் ஓட்டையில் தகரத்தில் உரசிக் காப்பு தேய்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சில நூறு ரூபாய் ரிலே ஒன்று இந்தத் தலைவலி எல்லாவற்றையும் எடுத்துவிடும்போது இந்த வழிக்கு ஒரு காரணமும் இல்லை.

ரிலேயும் எர்த் பக்க சுவிட்சும்: தெர்மோ சுவிட்ச் வண்டிக்கு இதுதான்

ஈ.சி.யூ. கட்டுப்பாடு இல்லாத, தெர்மோ சுவிட்ச் உள்ள வண்டிக்கு என் தேர்வு இது. தெர்மோ சுவிட்சுக்கு வரும் ஒயரைப் பாருங்கள். மெல்லியதாக இருந்தால் அது ரிலேயை மட்டும் இயக்குகிறது, தடித்ததாக இருந்தால் மோட்டார் கரன்ட் முழுவதும் அதன் வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே ரிலே இருந்து, தெர்மோ சுவிட்ச் அதற்கு எர்த் கொடுக்கும் வகை என்றால் வேலை ரொம்பச் சின்னது. ரிலேயை இயக்கும் காயிலுக்கு எர்த் வரும் முனையிலிருந்து, ரிலேயின் அடியில் போட்டிருக்கும் எண்களில் அது பெரும்பாலும் 85, ஒரு மெல்லிய ஒயரை உள்ளே இழுத்து, டாஷ்போர்டு சுவிட்சின் ஒரு காலில் கொடுத்து, மறு காலை பாடி எர்த்தில் முறுக்கிவிட்டால் முடிந்தது. தண்ணீர் சூடானால் தெர்மோ சுவிட்ச் எர்த் கொடுக்கும், நமக்கு வேண்டும்போது நம் சுவிட்ச் எர்த் கொடுக்கும், இரண்டில் எது கொடுத்தாலும் ஃபேன் ஓடும். அந்த ஒயரில் போவது 0.15, 0.2 ஆம்பியர்தான், எந்தச் சின்ன சுவிட்சும் தாங்கும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, கெட்டுப்போனாலும் நல்லபடியாகவே கெடுகிறது என்பது. இந்த ஒயர் எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், அவ்வளவுதான், புகை வராது. அறுந்துபோனால் பழைய ஆட்டோமேட்டிக் மட்டும் மிஞ்சும்.

ரிலே இல்லாமல் மோட்டார் கரன்ட் தெர்மோ சுவிட்ச் வழியாகவே போகும் வண்டியில் ஒரு 30 ஆம்பியர் ரிலே சேர்க்க வேண்டியிருக்கும். பேட்டரியிலிருந்து 2.5 ஒயர், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. அதன் 87 மோட்டாரின் பாசிட்டிவுக்கு, மோட்டாரின் நெகட்டிவ் நேராக நல்ல எர்த்துக்கு. காயிலின் 86 இக்னிஷன் ஆன் ஆனால் வரும் ஒயருக்கு, இதற்கும் தனியாக ஒரு சின்ன ஃபியூஸ். 85 மட்டும் இரண்டாகப் பிரியும், ஒன்று தெர்மோ சுவிட்சுக்கு, இன்னொன்று டாஷ்போர்டுக்கு. இதில் ஒரு கூடுதல் லாபம், இதுவரை 10 ஆம்பியரைச் சுமந்த தெர்மோ சுவிட்ச் இனி கால் ஆம்பியர்கூடச் சுமக்காது, அதன் ஆயுள் நன்றாகக் கூடும். ரிலேயை வாங்கும்போது அடியில் 87ஏ என்ற முனை இருக்கிறதா என்று பாருங்கள். அது காயில் அணைந்திருக்கும்போது இணையும் முனை. தவறி அதில் கொடுத்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும்.

சாவியை எடுத்த பிறகும் சூடு இறங்கும்வரை ஃபேன் ஓடும் வண்டிகள் சில உண்டு. இன்ஜின் நின்றதும் தண்ணீர் ஓட்டமும் நின்று ஹெட்டிலிருக்கும் சூடு மேலும் ஏறும் என்பதால் கம்பெனியே அப்படி வைத்திருக்கிறது, அதைக் கெடுக்கக்கூடாது. அத்தகைய வண்டியில் காயிலுக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் வருவதால், நம் சுவிட்சை ஆனில் மறந்துவிட்டு வீட்டுக்குள் போனால் 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். அதனால் அங்கே கம்பெனி ரிலேயை விட்டுவிட்டு, இக்னிஷனில் இயங்கும் இரண்டாவது ரிலேயைப் பக்கத்தில் போட்டு அதற்கு மட்டும் நம் சுவிட்சைக் கொடுப்பதே சரி.

இதோடு ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கையும் வையுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். சுவிட்ச் ஆனில் இருப்பதைக் காட்டும் விளக்கு பிரயோஜனமில்லை. ரிலேயின் 87-க்குப் பிறகு, மோட்டாருக்குப் போகும் ஒயரிலிருந்து, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எடுத்தால், ஆட்டோமேட்டிக்கில் ஓடினாலும் நம் சுவிட்சில் ஓடினாலும் விளக்கு எரியும். ஒரு வாரம் ஓட்டினாலே எந்த நேரத்தில், எவ்வளவு இடைவெளியில் ஃபேன் வருகிறது என்று வண்டியின் பழக்கம் தெரிந்துவிடும். அது மாறினால் ஏதோ கோளாறு என்று முள் ஏறும் முன்னரே கண்டுபிடிக்கலாம். மோட்டார் சிக்கிக்கொண்டு நின்றாலும் விளக்கு எரியத்தான் செய்யும், அந்தக் குறை இதில் இருக்கிறது.

ஆன், ஆட்டோ, ஆஃப் என்ற மூன்று நிலை சுவிட்ச்

ஆஃப்ரோடு போகிறவர்கள் இதைக் கேட்பார்கள், அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆழமான தண்ணீரில் இறங்கும்போது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் இறக்கை தண்ணீரில் அடித்து வளைந்து ரேடியேட்டரையே கிழிக்கலாம், மோட்டார் திணறி ஃபியூஸ் போகலாம். அந்த நேரம் ஃபேனை நிறுத்த வேண்டும் என்பது உண்மை. ஆனால் தண்ணீரைத் தாண்டிக் கரையேறிய சந்தோஷத்தில் சுவிட்சைத் திரும்ப ஆட்டோவுக்குப் போட மறந்தால், அடுத்த மேட்டில் இன்ஜின் போய்விடும். ஹெட் கேஸ்கட் வேலைக்கு ஆகும் பல ஆயிரம் ரூபாயை ஒரு சின்னக் குமிழின் நிலைமேல் பணயம் வைப்பதாக இதை நான் பார்க்கிறேன். கட்டாயம் வேண்டும் என்றால் ஆஃப் பக்கம் ஸ்பிரிங் வைத்த சுவிட்சாக வாங்குங்கள், கையால் பிடித்திருக்கும்வரை மட்டும் ஃபேன் நிற்கும், விட்டதும் தானாக ஆட்டோவுக்கு வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் இறங்குகிறவர் ஃபேன் ரிலேயைக் கையால் பிடுங்கிவிட்டுப் பிறகு மாட்டிக்கொண்டாலே போதும். சென்னை மழையில் சுரங்கப்பாதையைத் தாண்டுவதற்காக இதைக் கேட்கிறவர்களுக்கு, அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஃபேனை நிறுத்தினாலும் ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போவதை எந்த சுவிட்சும் தடுக்காது.

ஈ.சி.யூ. உள்ள வண்டி

இங்கே நிதானம் வேண்டும். இந்த வண்டிகளில் சென்சார் வெப்பத்தை ஈ.சி.யூ.வுக்குச் சொல்கிறது, ஈ.சி.யூ. ஃபேன் ரிலேயை இயக்குகிறது. பெரும்பாலும் ரிலே காயிலுக்கு எர்த் கொடுத்துத்தான் இயக்கும், ஆனால் எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. எர்த் கொடுக்கும் ஈ.சி.யூ. முனையில் நீங்கள் 12 வோல்ட்டைக் கொடுத்தாலோ, பாசிட்டிவ் கொடுக்கும் முனையை எர்த் செய்தாலோ உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் எரிந்துவிடலாம், பிறகு ஒரு சுவிட்சுக்காக முழு ஈ.சி.யூ.வையும் மாற்ற வேண்டிவரும். சரியாகக் கொடுத்தாலும் சில ஈ.சி.யூ.க்கள் அந்த ஒயரைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும், ‘நான் சொல்லாமல் இது எப்படி இயங்கியது’ என்று பி0480 மாதிரி ஒரு கோளாறு எண்ணைப் பதித்து செக் இன்ஜின் விளக்கைப் போட்டுவிடும்.

அதனால் ஈ.சி.யூ. பக்க ஒயர் எதையும் தொடாமல், மோட்டார் பக்கத்தில் தனியாக இரண்டாவது ரிலே போடுவதுதான் இங்கே ஒரே வழி. ஒரே வேகத்தில் ஓடும் ஒற்றை ஃபேன், கம்பெனி ரிலே பாசிட்டிவ் பக்கத்தை இணைக்கிறது என்றால், நம் ரிலேயின் 87-ஐயும் மோட்டார் பாசிட்டிவில் சேர்த்துவிடலாம், நன்றாக வேலை செய்யும். இரண்டு ஃபேன்கள் மெதுவாக ஓடத் தொடராகவும் வேகமாக ஓட இணையாகவும் மூன்று ரிலேக்களால் மாறும் வண்டிகளில் வரைபடம் கையில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஃபேனிலேயே சின்ன எலக்ட்ரானிக் பெட்டி இருந்து ஈ.சி.யூ. அனுப்பும் சிக்னலுக்கு ஏற்ப வேகம் மாறும் புது வண்டிகளில் எதையும் செய்யாதீர்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டினால் அந்தப் பக்கத்து வாரண்டி கேள்விக்குறியாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சொல்லப்போனால் இந்த வகை வண்டிகளுக்கு சுவிட்சே தேவையில்லை என்பதுதான் என் எண்ணம், ஏனென்றால் உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

அது ஏ.சி. பட்டன். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் ரேடியேட்டர் ஃபேனோ கண்டன்சர் ஃபேனோ இரண்டுமோ ஓடத் தொடங்கும். ஆனால் ஏ.சி. கம்ப்ரசர் இன்ஜினுக்குக் கூடுதல் சுமை, கண்டன்சர் வெளியேற்றும் சூடும் ரேடியேட்டர் வழியாகத்தான் போகும். அதனால் சமதளத்தில் நிற்கும்போது இது உதவும், மலை ஏற்றத்தில் முள் ஏற ஆரம்பித்த பிறகு உதவாது, அங்கே ஏ.சி.யை அணைப்பதே சரி. அப்போது செய்ய வேண்டியது உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வைத்து ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை வண்டிக்குள் இழுத்துவிடும். மே மாதத்தில் கொடுமைதான், ஆனால் இன்ஜின் பிழைக்கும்.

வெப்ப சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டால் பல ஈ.சி.யூ.க்கள் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட விடும் என்பதும் உண்மை. நடுவழியில் வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யலாம், செக் இன்ஜின் விளக்கு எரியும், மீட்டரில் வெப்பமும் தெரியாது.

சீக்கிரம் ஓடும் தெர்மோ சுவிட்ச், கன்ட்ரோலர்

சுவிட்ச் வேண்டும் என்று நினைக்கிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது ஃபேன் கொஞ்சம் முன்னாலேயே ஓடுவதுதான். அதற்கு 5 டிகிரி குறைவாக இயங்கும் தெர்மோ சுவிட்ச் அதே மரையில் கிடைத்தால் மாற்றிவிடலாம். ஒயரிங்கில் ஒன்றும் தொட வேண்டாம், மறப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: அது அணையும் வெப்பம் தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்துக்கு மேலே இருக்க வேண்டும். 82-இல் திறக்கும் தெர்மோஸ்டாட்டோடு 80-இல் அணையும் சுவிட்சைப் போட்டால் ஃபேன் கிட்டத்தட்ட நிற்கவே நிற்காது. வெப்பத்தை நாமே திருகி வைக்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர்களும் கிடைக்கின்றன. அவற்றின் புரோப்பை ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே குத்தி வைக்கும் வகையை நான் நம்புவதில்லை, அது தண்ணீரின் சூட்டைவிட இதழின் சூட்டைத்தான் அளக்கும், நாளாக நாளாக ஆடித் தளர்ந்து ரேடியேட்டர் குழாயை அரிக்கவும் செய்யும். ஹோஸ் பைப்பை வெட்டி நடுவில் மாட்டும் உலோக இணைப்பில் புரோப் திருகும் வகை நல்லது. கன்ட்ரோலரைப் போட்டாலும் பழைய தெர்மோ சுவிட்சைக் கழற்றாமல் இணையாக விட்டுவிடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வெப்பத்தைக் காட்டும் ஒரு மீட்டர் இல்லாமல் சுவிட்ச் போடுவதில் அர்த்தமில்லை. இப்போதைய சின்ன கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது, குளிருக்கு ஒரு நீல விளக்கு, கொதித்த பிறகு ஒரு சிவப்பு விளக்கு. முள் இருக்கும் வண்டிகள் பலவற்றிலும் ஓட்டுநர் பயப்படக்கூடாது என்று நடு நிலையிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள், 80-இலிருந்து 100-க்குப் போனாலும் அது அசையாது. ஈ.சி.யூ. வண்டி என்றால் கோளாறு பார்க்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் ஒரு புளூடூத் அடாப்டரும் மொபைல் ஆப்பும் உண்மையான டிகிரியைக் காட்டிவிடும். பழைய வண்டி என்றால் ஒரு தனி மீட்டர். இருக்கும் பணத்தில் சுவிட்ச், மீட்டர் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மீட்டரை வாங்குங்கள்.

மலைக்கு சுவிட்சைப் பயன்படுத்துவதில் நேரம் முக்கியம். முள் ஏறிய பிறகு போடுவதைவிட அடிவாரத்திலேயே போட்டுவிடுவது நல்லது. தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்து ரேடியேட்டர் தண்ணீர் சூடாகும் முன்பே காற்று ஓட ஆரம்பித்துவிடுவதால் முதல் பத்து வளைவுகளுக்கு ஒரு கையிருப்பு கிடைக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல் ஃபேனோடு இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இறக்கத்தில் சுவிட்சை ஆஃப் செய்துவிடலாம். ஏறும்போதே ஃபேன் ஓடியும் 105-ஐத் தாண்டினால் ஓரம் கட்டி நிறுத்துங்கள், மூடியைத் திறக்காதீர்கள். பானெட்டைத் தூக்கினாலும் ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், தெர்மோ சுவிட்ச் எந்த நொடியிலும் அதை ஓட்டிவிடும்.

ஒயரிங் வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று சிலவற்றைப் பாருங்கள். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை உருகி அவிழ்ந்துவிடும், லக் அடித்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் குரோமெட் இருக்க வேண்டும். ரிலேயின் முனைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், தண்ணீர் உள்ளே தேங்காது. எல்லாம் முடிந்ததும் டாஷ்போர்டு சுவிட்சை ஆஃபில் வைத்து, வண்டியை ஐடிலில் விட்டு, பழைய தெர்மோ சுவிட்ச் தானாகவே ஃபேனை ஓட்டி, தானாகவே நிறுத்தும்வரை காத்திருந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.